ஏரிக்குப் போய்ப் பட்டினியாக வந்தோம்

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த பிறகு என் கை காய்ந்த நாளே கிடையாது. விடிந்தால் கிணற்றடி. இழுக்கிற ஒவ்வொரு குடத்தையும் வடிகட்ட வேண்டும். நாங்கள் ஜைனர்கள், அந்தப் பக்கத்தில் நயினார் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை நம் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது என்று வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவோம். மற்ற வீடுகளில் குடிக்கிற தண்ணீருக்கும் சமைக்கிற தண்ணீருக்கும்தான் இந்தப் பாடு. என் மாமியார் விரதம் எடுத்துக்கொண்டவர். குளிக்கிற தண்ணீரையும் வடிகட்டித்தான் குளிப்பார். நான் இடுப்பை நிமிர்த்துவதற்குள் வெயில் முற்றத்துக்கு வந்துவிடும்.

வடிகட்டினால் மட்டும் போதாது. துணியில் தங்கியதை அது வந்த தண்ணீருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் அதே கிணற்றுக்கு. மேலேயிருந்து உதறினால் அந்த உயிர்களுக்கு அடிபடும் என்று, அடியில் வளையம் வைத்த சின்னச் செம்பு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. துணியை அதில் அலசி, கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீரைத் தொட்டதும் கவிழ்க்க வேண்டும். பூச்சிகள் பத்திரமாக வீடு போய்ச் சேரும். நான் அடுப்படிக்குப் போவேன்.

அடுப்படியில் எனக்கும் சூரியனுக்கும் தினமும் போட்டி. விடிவதற்கு முன் அடுப்பு மூட்டக் கூடாது, விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. மாமனார், மாமியார், கணவர், இரண்டு கொழுந்தனார்கள் எல்லோரும் பொழுதோடு சாப்பிட்டு முடிக்க வேண்டும். என் பிள்ளைகள் இரண்டும் சிறிசு என்பதால் அவர்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வரத்து அதிகமான நாட்களில் ஆண்கள் வெயில் மங்கும் நேரத்தில்தான் ஓடி வருவார்கள். வந்ததும் உட்காருவார்கள். உட்கார்ந்ததும் இலை இருக்க வேண்டும், இலையில் சோறு இருக்க வேண்டும்.

எனக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்தா, அண்ணி, அம்மா, ஏ பொண்ணே. நாள் முழுக்க யாராவது ஏதாவது சொல்லிக் கூப்பிட்டபடி இருப்பார்கள். தூக்கத்தில்கூட ‘தோ வந்துட்டேன்’ என்று முனகுவேனாம். என் கணவர் இதை உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தால் நானும் சிரிப்பேன்.

பிறந்த வீட்டில் எனக்கு வேறு தண்ணீர் தெரியும். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் அது. எங்கள் கழனியில் மாடு கட்டி இறைக்கிற பெரிய கிணறு இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி என் அண்ணன்தான் என்னை அதில் தள்ளிவிட்டான். அந்தக் கோடை முடிவதற்குள் குடுக்கையை அவிழ்த்து எறிந்துவிட்டேன். முங்கி மண் எடுத்து வருவேன். மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே வட்டமாகத் தெரியும் வானத்தைப் பார்த்தபடி கிடப்பேன். அங்கேயும் குடிக்கிற தண்ணீரை வடிகட்டினோம். ஆனால் கிணற்றில் குதிப்பதற்கு யாரும் சட்டம் போடவில்லை. வயதுக்கு வந்ததும் அது நின்றுபோனது. அப்போது அழக்கூட இல்லை. கல்யாணமான பிறகுதான் அதை நினைத்து அழுதேன்.

செஞ்சிக் கோட்டைக்குள் குளம் இருக்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கோட்டைக்குப் போவதென்றால் கட்டுசோறு வேண்டும், கட்டுசோறு என்றால் நான் வேண்டும். அவர்கள் மலையேறுவார்கள். நான் கீழே சோற்று மூட்டைக்குக் காவல் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பச்சைத் தண்ணீர்தான், அதில் இறங்க யாருக்கும் மனம் வராது. எனக்கு வந்தது.

ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். பனமலை ஏரிக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரே ஒரு தடவை தலை முழுகி நீந்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். பனமலை ஏரி அந்த வட்டாரத்திலேயே பெரியது. ஒரு பக்கம் கோயில் மலை, மற்ற பக்கம் மனிதர்கள் மண் சுமந்து கொட்டிக் கட்டிய கரை. எந்த ராஜா காலத்துக் கரையோ, எத்தனை பேர் இடுப்பொடிந்து கட்டினார்களோ. என் கணவர் மாதிரிக்கு வந்த மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டே, ஏரி எங்கே ஓடிப்போகிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏரி ஓடிப்போகவில்லை, வற்றிப்போனது. அடுத்த வருஷமும் மழை இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஏரிக்குள் மாடு மேய்கிறது என்று மண்டிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அறுபதுகளின் நடுவில் இருக்கும். வானம் ஓட்டையாகிவிட்டதோ என்று பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெய்தது. கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் மாமனார் மண்டியிலிருந்து வந்ததும், பனமலை ஏரி கோடி போகிறதாம், நாளைக்கு எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஏரி நிரம்பி வழிவதைத்தான் கோடி போவது என்போம். ஈரமான மல்லாட்டையை யாரும் விற்கக் கொண்டு வரவில்லை. மண்டி லாரி சும்மா நின்றது. அதனால்தான் இந்த யோசனை. எப்படியிருந்தால் என்ன, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாளைக்கு எப்படியாவது நீந்திவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். பல வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

உல்லாசப் பயணம் என்பது யாருக்கோ. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு அடுப்பு மூட்டி, காலைக்குச் சமைத்து, அவர்கள் சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டு, அதே அடுப்பில் சாயங்காலத்துக்கும் சமைத்தேன். ஒரு பித்தளைத் தூக்கில் புளிசோறு, இன்னொன்றில் தயிர்சோறு, சின்னத் தூக்கில் வாழைக்காய் வறுவல். தையல் இலைக் கட்டு, பாய், குடம், வடிகட்டுகிற துணி, அந்தச் செம்பு, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி. ஏரியைத் தவிர எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். பகல் திரும்பிய பிறகுதான் கிளம்ப முடிந்தது. லாரியில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். சாலை மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் தூக்குகளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் யார் மடியிலோ இருந்தார்கள்.

ஏரி தெரிந்ததும் லாரியிலேயே எழுந்து நின்றேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஊரே திரண்டு வந்திருந்தது. உபரித் தண்ணீர் கல்கட்டின் மேலே வழிந்து விழுகிற கலிங்கலில் ஆண்கள் வரிசையாகத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டு ஆண்களும் லாரி நிற்பதற்குள் குதித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கரையோரம் கூட்டமில்லாத ஒரு மேட்டில் நான் பாய் விரித்தேன். தூக்குகளை இறக்கினேன். இலைகளைத் துடைத்தேன். ஒவ்வொன்றையும் செய்யும்போது ஏரியை ஒரு பார்வை பார்ப்பேன். வெயில் ஏற்கெனவே மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இன்றைக்கும் நடக்காது என்று அலுத்துப்போய் உட்கார்ந்தேன்.

அப்போது மாமியார் தண்ணீர் கேட்டார். குடத்தில் ஏரித் தண்ணீர் மொண்டு வந்து வடிகட்டிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, ஈரத் துணியைச் செம்போடு என்னிடம் நீட்டினார். நான் கரையோரமாகக் குனிந்தேன்.

“இங்க உடாதே. சனம் மெறிச்சிக்கினு போவுது,” என்றார். “உள்ள எறங்கிப் போயி, ஆளில்லாத எடமா பாத்து பதமா உட்டுட்டு வா.”

எவ்வளவு உள்ளே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புடவையை வாரிச் சொருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. காலடியில் சேறு வழுக்கியது. மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் கலிங்கல் கூட்டம் மறைந்தது. மேட்டில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு மட்டும் நான் தெரிவேன். மார்பளவு தண்ணீரில் நின்று, செம்பை முழுக்க அமிழ்த்தி மெதுவாகக் கவிழ்த்தேன். துணியை அலசினேன். அந்த உயிர்கள் எல்லாம் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. துணியைச் செம்புக்குள் திணித்துப் பாறையின் மேல் வைத்துவிட்டு நானும் போனேன்.

நீச்சல் மறக்காது என்பார்கள். மறக்கவில்லைதான். ஆனால் கொஞ்ச தூரம் கை வீசியதுமே தோள் கழன்றுவிடும் போலிருந்தது. குடம் இழுத்து இழுத்துத் தேய்ந்த தோள், அதற்கு மேல் வரமாட்டேன் என்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஏங்கிய காரியம் கைக்கு வந்ததும் உடம்பில் தெம்பு இல்லை. வேறு வழி தெரியாமல் மல்லாந்து படுத்தேன்.

காது இரண்டும் தண்ணீருக்குள் போனது. அவ்வளவுதான், எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. கலிங்கல் இரைச்சல் இல்லை. பிள்ளைகள் சத்தம் இல்லை. என் மூச்சு மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. இந்தா இல்லை, அண்ணி இல்லை, அம்மா இல்லை. நான் ஆசைப்பட்டது நீச்சலுக்கே அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் சும்மா கிடக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை வருஷமும் ஏங்கியிருக்கிறேன். தண்ணீர் என்னைத் தாங்கிக்கொண்டது. நான் எதையும் தாங்க வேண்டியிருக்கவில்லை. மேகத்தின் விளிம்பு சிவப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேடு தெரிந்தது. ஆண்கள் குளித்து முடித்து வந்து பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு முன்னால் ஒரு இலை. “அண்ணி, சோறு,” என்று சின்னக் கொழுந்தனார் குரல் கேட்டது. சூரியன் இன்னும் ஒரு பனைமர உயரத்தில் நின்றது. சோறு ஆக்கியாயிற்று, தூக்கு பக்கத்திலேயே இருக்கிறது, இலையும் போட்டாயிற்று. அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அத்தையும் பக்கத்தில் இருக்கிறார். சாப்பிட்டுக்கொள்வார்கள் என்று நிம்மதியாக மறுபடி படுத்தேன். எனக்குப் பசியே இல்லை. ஒருவேளை பட்டினி கிடந்தால்தான் என்ன என்று தோன்றியது.

குளிர் எடுத்த பிறகுதான் எழுந்தேன். சூரியனைக் காணவில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு ஈரப் புடவையைப் பிழிந்தபடி மேட்டுக்கு ஏறினேன்.

அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதே வரிசை, அதே இலைகள், இலைகளில் ஒன்றுமில்லை. மூன்று தூக்குகளும் நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. மாமனாருக்கும் புளிசோற்றுத் தூக்குக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தால் அதிகம். நான் கிட்டே போனதும் அவர் தன் இலையை மடித்தார்.

“பொழுது உழுந்துடுச்சி. எல்லாத்தையும் எடுத்து வைங்க,” என்றார்.

என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “அப்பலேர்ந்து கூப்ட்டுக்கினே இருக்கறோம். காதுல உழல?” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன், தூக்கைப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. லாரி குலுங்கியதில் மூடி இறுகிப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

“ஏங்க, மூடி தொறக்க வரலியா?”

சின்னக் கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் உண்மையாகவே கேட்டேன்.

மாமியார் கொஞ்சம் தள்ளி, மலையைப் பார்த்து உட்கார்ந்து ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாலும் ஒரு வெற்று இலை.

ஆக்கிய சோற்றை இரவு தாண்டி வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மாமனார் லாரி டிரைவரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் நீ சாப்பிடு என்றார். டிரைவருக்கு இந்தப் பொழுது விஷயமெல்லாம் கிடையாது. வந்தார், உட்கார்ந்தார், ஒரு கையால் மூடியை எடுத்தார். மூடி சுலபமாகத்தான் திறந்தது. புளி வாசனை பரவியதும் என் பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு இலையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அவரே போட்டார். புளிசோறு நன்றாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எங்கள் வீட்டு ஆண்கள் நால்வரும் ஏரியைப் பார்த்தபடி நின்றார்கள். அன்றைக்கு என் சமையலைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

திரும்பும்போது லாரியில் ஆண்கள் பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். நானும் மாமியாரும் முன்பக்கத்துப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தோம். பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கிவிட்டார்கள். திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தால் வரட்டும், பதில் சொல்லவும் எனக்குச் சலிப்பாக இருந்தது. ஈரப் புடவையில் காற்று பட்டு உடம்பு நடுங்கியது. மாமியார் கீழே கிடந்த ஒரு சாக்கை எடுத்து என் தோளில் போட்டார்.

“கூப்ட்டது கேக்கலியா?” என்றார்.

“ஒரு தரம் கேட்டுது அத்த. நீங்கல்லாம் போட்டுக்கினு சாப்டுவீங்கன்னு நெனச்சேன்.”

அனந்தபுரம் கடைகளின் விளக்கு தெரிந்து, அதுவும் பின்னால் போனது. பிறகு பின்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காதபடி அவர் சொன்னார்.

“நானும் அதான் பாத்துக்கினு இருந்தேன். யாராச்சும் ஒருத்தரு மூடியத் தொறப்பாங்களான்னு.”

நான் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. தூக்கு அவருக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எனக்கு முன்னால் அந்த வீட்டில் அத்தனை வருஷமும் மூடி திறந்தவர் அவர்தான். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தன் வயிற்றையும் காயப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். அந்த வயிற்றெரிச்சலை வேறு யாரிடமும் அவரால் சொல்ல முடியாது. எனக்கு அவர் மேல் அதுவரை இல்லாத ஒரு பாசம் வந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் சாக்கின் பாதியை அவர் மேல் போர்த்தினேன்.

ஏரிக்குப் போன இடத்தில் மருமகள் எல்லோரையும் பட்டினி போட்ட கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். எந்த விசேஷத்திலும் யாராவது எடுத்துவிடுவார்கள். நான் மீன் மாதிரி நீந்தியதாகச் சொல்வார்கள், அது பொய். தாங்கள் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டதாகச் சொல்வார்கள், இருக்கலாம். மேகம், மலை, டிரைவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டது எல்லாம் அந்தக் கதையில் வரும். மூடி மட்டும் வராது. நானும் சேர்க்கவில்லை, அத்தையும் இருந்தவரை சேர்க்கவில்லை.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே வீடு முழுக்க விழித்துக்கொண்டது. பசி யாரைத் தூங்க விடும்? நான் கிணற்றடிக்குப் போனபோது அத்தை அங்கே துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழக்கே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். அடுத்து என் கணவர், இந்தா என்றார். அதற்கடுத்து அண்ணி என்று கேட்டது. அத்தை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருமே எழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவர் குடத்தை நகர்த்தினார், நான் கயிற்றை எடுத்தேன். தண்ணீருக்கு வெளியே எங்கள் இருவருக்குமே காது நன்றாகக் கேட்கும்.